டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் ஒரு சட்டத்தின் கதையும்

குடிமையியல் பாடத்தில் ஒரு மசோதா எவ்வாறு சட்டமாகிறது என்று நாங்கள் படிக்கிறோம். மசோதா கொண்டுவரப்படும், விவாதிக்கப்படும், வாக்கெடுப்பு நடக்கும், பின்னர் ஒப்புதல் பெற்றுச் சட்டமாகும். நான்கு வரிகளில் முடிந்துவிடும் இந்தப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே தவிர, அதில் யாருடைய கண்ணீரும் வியர்வையும் இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. அப்போது எங்கள் ஆசிரியை, ஏதேனும் ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு அது பிறந்த கதையைத் தேடி எழுதுமாறு எங்களைப் பணித்தார்கள். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது 1947-ஆம் ஆண்டின் சென்னை தேவதாசிகள் சட்டம். நூலகத்தில் தேடத் தேட, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண்மணியின் வாழ்நாளே இருப்பதைக் கண்டோம். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வியாளர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசையையும் நடனத்தையும் குலத்தொழிலாகக் கொண்ட இசை வேளாளர் மரபில் வந்தவர். சாதி கடந்த அந்த இல்லறத்தைத் தந்தையாரின் உறவினர்கள் ஏற்கவில்லை. ஆகவே ஊர் ஒருவரை ஒதுக்கி வைத்தால் அதன் வலி எப்படி இருக்கும் என்பதை, பிற்காலத்தில் சட்டசபையில் பேசிய அம்மையார் சிறு வயதில் தம் வீட்டிலேயே அறிந்திருந்தார்.

பெண்ணுக்குப் பருவம் வந்ததும் படிப்பை நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். தாயாருக்கு மகளின் திருமணத்தைப் பற்றிய கவலை. மகளுக்கோ படிப்பின் மேல் தீராத ஆசை. தந்தையார் மகளின் பக்கம் நின்றார். அம்மையார் வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிக்குலேஷன் தேறினார். அடுத்துக் கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண் வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று சிலர் எதிர்த்தனர். புதுக்கோட்டை மன்னர் அந்த எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். ஆண்கள் நிறைந்த அக்கல்லூரியில் ஒரே மாணவியாக அம்மையார் படித்து முடித்தார். மாணவியர் மட்டுமே படிக்கும் பள்ளியில், தோழியர் புடைசூழ, கவலையின்றி உட்கார்ந்திருக்கும் நாம் அந்தத் தனிமையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1907-ஆம் ஆண்டில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவராக வெளிவந்தார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணிபுரிந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைச் சாதி கடந்து மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் அவர் அத்திருமணத்துக்கு இசைந்தார் என்று படித்தபோது எங்கள் வகுப்பில் பெரும் ஆரவாரம் எழுந்தது. டாக்டர் ரெட்டி தம் வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பொட்டுக்கட்டு என்னும் வழக்கம்

சட்டத்தின் கதைக்குச் செல்லும் முன், அச்சட்டம் எதைத் தடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுள் ஒருத்தியின் பாட்டி தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவர். கோயில் திருவிழாக்களில் நாதசுரக் கச்சேரியைப் பெரிய மேளம் என்றும், தேவதாசிகளின் ஆடல் பாடலைச் சின்ன மேளம் என்றும் அழைப்பார்கள் எனத் தம் தாயார் சொல்லக் கேட்டதை அவர் எங்களுக்குச் சொன்னார்.

சிறு பெண் ஒருத்தியைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, இறைவனுக்கு மனைவியாக அர்ப்பணித்துக் கழுத்தில் பொட்டுக் கட்டுவார்கள். அதன்பின் அவள் மனிதர் எவரையும் மணக்க முடியாது. இறைவனுக்கு அழிவில்லையாதலால் அவள் என்றும் சுமங்கலி. சுவாமிக்கு முன் பாடுவதும் ஆடுவதும், கும்ப ஆரத்தி எடுப்பதும் அவள் பணி. அதற்காகக் கோயில் நிலம் மானியமாக விடப்பட்டிருக்கும். பிற குலப் பெண்களுக்கு எழுத்தறிவே மறுக்கப்பட்ட காலத்தில் இவர்கள் தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார்கள், இசையையும் நடனத்தையும் காத்து வளர்த்தார்கள், சொத்துரிமையும் பெற்றிருந்தார்கள். இதை மறைப்பது நியாயமாகாது.

ஆனால் மன்னர்கள் மறைந்தார்கள். கோயில்களின் வளம் குன்றியது. கலையை ஆதரிப்பதாகச் சொல்லி வந்த செல்வர்களின் விருப்பத்துக்கு இணங்கி வாழ வேண்டிய நிலை அப்பெண்களுக்கு வந்தது. சிலர் கலைஞர்களாக மதிப்போடு வாழ்ந்தார்கள். பலருக்கு அந்த வாழ்வு வாய்க்கவில்லை. வறுமையினால் விபசாரத்தில் தள்ளப்பட்டவர்களும் இருந்தார்கள். பொட்டுக் கட்டப்படும்போது அந்தப் பெண்ணின் வயது பெரும்பாலும் நம்மைவிடக் குறைவு. அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும், அந்த வயதில் அவளுக்கு என்ன தெரியும்?

அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் தாயின் பெயரையே தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொண்டார்கள். உலகமே போற்றிய எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் இசை மரபில் வந்தவர். அவர் பெயரில் உள்ள எம் என்பது மதுரை; எஸ் என்பது அவருடைய தாயார் சண்முகவடிவு. அந்த இரண்டு எழுத்துகளை நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! அவற்றுக்குள் இப்படியொரு வரலாறு இருப்பது நமக்குத் தெரியாமலே போயிற்று.

சட்டம் இருந்தும் பயன் இல்லை

அக்காலத்தில் சட்டமே இல்லை என்று நாங்கள் முதலில் எண்ணினோம். அது தவறு. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே, விபசாரத்துக்காகச் சிறு பெண்ணை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலில் பதினாறாக இருந்த வயது வரம்பு 1924-இல் பதினெட்டாக உயர்த்தவும் பட்டது. ஆயினும் பொட்டுக்கட்டு தொடர்ந்தது. காரணம் என்ன? இன்ன நோக்கத்துக்காகத்தான் இப்பெண் கொடுக்கப்பட்டாள் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். பெற்றோரோ இது சமயச் சடங்கு என்பார்கள். சடங்கைப் பார்த்தவர்கள் ஊரில் எல்லாரும். சாட்சி சொல்ல வருபவர் எவரும் இல்லை. குற்றத்தைத் தண்டிக்கும் சட்டம் ஏட்டில் இருந்தது. குற்றம் நுழையும் வாசலோ திறந்தே கிடந்தது. மைசூர் அரசு 1909-ஆம் ஆண்டிலேயே தன் கோயில்களில் இவ்வழக்கத்துக்குத் தடை விதித்திருந்தது. சென்னை மாகாணத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

சட்டசபையில் ஒரே பெண்

சென்னை மாகாணத்தில் 1921-இல் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். 1926-இல் சட்டசபையில் அங்கத்தினராகும் உரிமையும் வந்தது. அப்போது அம்மையார் இங்கிலாந்தில் உயர் மருத்துவப் பயிற்சி முடித்து, பாரிஸ் நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். மாதர் சங்கத்தினர் அவர் பெயரை முன்மொழிய, அரசு அவரைச் சட்டசபைக்கு நியமித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை புகுந்த முதல் பெண்மணி அவரே. சபையினர் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

1927-ஆம் ஆண்டு நவம்பரில், கோயில்களில் பெண்களைப் பொட்டுக் கட்டி விடுவதை நிறுத்த அரசு சட்டம் செய்ய வேண்டும் என்று அம்மையார் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. எங்களைப் போன்றவர்கள் இதோடு கதை முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் அப்போதுதான் கதை தொடங்கியது. தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை. அதுவே சட்டம் ஆகாது. சமய விஷயங்களில் கைவைக்கப் பிரிட்டிஷ் அரசு தயங்கியது.

முதற்படி நிலம்

அம்மையார் அடுத்து எடுத்த அடியைக் கண்டுதான் நாங்கள் வியந்தோம். தடைச் சட்டம் வரும்வரை காத்திராமல், பெண்களை இந்த வழக்கத்தோடு கட்டி வைத்திருந்த கயிறு எது என்று அவர் தேடினார். அந்தக் கயிறு மானிய நிலம். ஒரு குடும்பம் கோயில் நிலத்தை அனுபவிக்க வேண்டுமானால் அக்குடும்பத்துப் பெண் ஒருத்தி கோயில் பணி செய்ய வேண்டும். தாய்க்கு வயதாகிவிட்டால் மகளுக்குப் பொட்டுக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிலம் போய்விடும். மகளுக்கு மணம் முடித்து வைக்க ஆசைப்பட்ட தாயும் அடுத்த வேளைச் சோற்றுக்கு அஞ்சி மகளைக் கோயிலுக்கு அனுப்பினாள். அந்தத் தாயைச் சிறையில் போட்டு என்ன பயன்?

ஆகவே அம்மையார் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். தேவதாசிகள் அனுபவித்து வந்த மானிய நிலங்களைக் கோயில் பணி என்னும் நிபந்தனையிலிருந்து விடுவிப்பதே அதன் நோக்கம். சிறு தொகையை வரியாகச் செலுத்தினால் போதும். பணி செய்யாவிட்டாலும் நிலம் அவர்களிடமே இருக்கும். இம்மசோதா 1929-ஆம் ஆண்டில் நிறைவேறியது. மகளையும் நிலத்தையும் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்தது. கேட்பதற்கு வெறும் வரி விவகாரம்போல் தோன்றும் இத்திருத்தம், இந்தக் கதையின் உயிர்நாடி என்று நாங்கள் கருதுகிறோம்.

இரண்டாம் படி

1930-ஆம் ஆண்டு ஜனவரியில், பொட்டுக்கட்டும் சடங்கையே தடை செய்யும் மசோதாவை அம்மையார் சபையில் வைத்தார். பொதுமக்களின் கருத்தறிய அது சுற்றுக்கு விடப்பட்டது. அதே 1930-இல் சென்னை மாகாணத்தில் விபசாரத் தடுப்புச் சட்டம் ஒன்றும் ஏற்பட்டது. விபசார விடுதி நடத்துவோரையும், பெண்களை அதற்காகச் சேர்த்துக் கொடுப்போரையும், அப்பெண்களின் வருவாயில் வாழ்வோரையும் தண்டிக்க அது வழி செய்தது. அம்மையார் அதற்கு உறுதுணையாக நின்றார்.

அவ்வாண்டு மே மாதத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதை எதிர்த்து அம்மையார் தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். தம் மசோதா கரைசேரவில்லை என்று தெரிந்தும் பதவியை விட்டார். எது பெரிது என்று எங்களுக்குள் வாதாடினோம். நாட்டுக்காகத் துறந்தது சரியே என்றனர் சிலர். அவர் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் எத்தனை சிறுமியர் தப்பியிருப்பார்கள் என்று கேட்டனர் வேறு சிலர். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

எதிர்த்தவர்கள் யார்?

நல்ல காரியத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரும் தீயவர்கள் என்று கதைகளில் படித்திருக்கிறோம். இங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது. பழைய வழக்கம் அழியக் கூடாது என்று சமயத்தின் பேரால் எதிர்த்தவர்கள் உண்டு. அரிய நடனக் கலை அழிந்துவிடுமே என்று அஞ்சிய கலை அன்பர்கள் உண்டு. காங்கிரஸ் தலைவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். காந்தியடிகளும் தந்தை பெரியாரும் அம்மையாரின் முயற்சியை ஆதரித்தார்கள். பொட்டுக் கட்டும் குலத்திலேயே வாழ்ந்து, அதன் துன்பத்தை நேரில் கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று அவ்வழக்கத்துக்கு எதிராகப் பேசினார்.

ஆனால் தேவதாசிகளிலேயே ஒரு பகுதியினர் இச்சட்டம் வேண்டாம் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அவர்களுள் முன்னின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குத் தம் செல்வத்தையெல்லாம் தந்து கோயில் எழுப்பிய இசைச் செல்வி அவர். தாங்கள் கற்றவர்கள், கலைஞர்கள், சமயப் பணி செய்பவர்கள். தங்களையும் விபசாரம் செய்வோரையும் ஒன்றாக வைத்து எண்ணுவது அநீதி. தங்களுக்குக் கல்வி கொடுங்கள், இழிவைச் சுமத்தாதீர்கள் என்பதே அவர்களுடைய வாதம்.

இதைப் படித்தபின் எங்களுக்கு வெகுநேரம் பேச்சு எழவில்லை. ஒரு சட்டம் யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவர்களே அதை எதிர்த்தால் என்ன செய்வது? வளர்ந்த பெண்ணான நாகரத்தினம்மாள் தம் வாழ்வைப் பற்றித் தாமே பேசினார். அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் பொட்டுக் கட்டப்படவிருந்த எட்டு வயதுச் சிறுமிக்காகப் பேச அந்தச் சபையில் யார் இருந்தார்கள்? அம்மையார் அந்தச் சிறுமிக்காகப் பேசினார். நாகரத்தினம்மாளின் குறையையும் கேட்டு, அவர்களின் கலைக்கும் மானத்துக்கும் தனியே ஒரு பாதுகாப்பைச் செய்திருந்தால் அச்சட்டம் இன்னும் நிறைவாக இருந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

கதவைத் தட்டிய சிறுமியர்

பொட்டுக்கட்டை விட்டு வெளியே வந்த பெண் எங்கே போவாள்? இக்கேள்வி அம்மையாரின் வீட்டுக் கதவையே ஒருநாள் தட்டியது. தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியர் அந்த வாழ்க்கை வேண்டாம் என்று அவரிடம் அடைக்கலம் தேடி வந்தார்கள். அவர்களைப் படிக்க வைக்க எண்ணி மாணவியர் விடுதிகளை நாடினார் அம்மையார். அவர்களுடைய பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. சட்டம் வேண்டும் என்று கைதட்டிய நகரத்தில், அச்சிறுமியர்க்கு ஒரு படுக்கை இடம் கிடைக்கவில்லை.

எங்களுள் பாதிப்பேர் விடுதி மாணவியர். இரவில் படுக்கைகள் வரிசையாக இருக்கும் அந்தக் கூடத்தில், வந்தவளின் பிறப்பைக் கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவதை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். புதிதாக வந்த ஒருத்தியின் வீட்டைப் பற்றியும் அவள் தந்தையைப் பற்றியும் நாங்கள் மூலையில் நின்று கிசுகிசுத்தது உண்டு. அந்த விடுதிகள் கதவைச் சாத்திச் செய்ததை நாங்கள் வாயால் செய்தோம் என்பது இக்கட்டுரையை எழுதும்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அம்மையார் அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வாறு பிறந்ததுதான் அவ்வை இல்லம். 1930-ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வில்லம் பின்னர் அடையாற்றுக்கு மாறியது. ஆதரவற்ற பெண் குழந்தைகள் சாதி, சமய வேறுபாடின்றி அங்கே சேர்க்கப்பட்டார்கள். எழுத்தும் கைத்தொழிலும் கற்றார்கள். ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் வெளியே வந்தார்கள். அவ்வை இல்லம் இன்றும் அடையாற்றில் பணியாற்றி வருகிறது.

சட்டம் நிறைவேறியது

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை தேவதாசிகள் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. அம்மையார் தீர்மானம் கொண்டுவந்து இருபது ஆண்டுகளும், மசோதா வைத்துப் பதினேழு ஆண்டுகளும் கடந்திருந்தன. 1927-இல் பிறந்த ஒரு பெண் குழந்தை அதற்குள் வளர்ந்து தானே தாயாகியிருப்பாள்.

பொட்டுக்கட்டும் சடங்கு சட்டப்படி செல்லாது. பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணும் முறைப்படி மணம் செய்துகொள்ளலாம். சடங்கை நடத்துவோர்க்கும் அதற்குத் துணை நிற்போர்க்கும் ஆறு மாதம் வரை சிறையோ ஐந்நூறு ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்பன அதன் சாரம். சடங்கு நடந்ததை மெய்ப்பித்தால் போதும். நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. திறந்து கிடந்த வாசல் இவ்வாறு அடைபட்டது. கோயிலிலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் அச்சட்டம் தடை செய்தது.

சட்டத்தால் சிறுமியர் தப்பினர். அதே சமயம், ஆடலைத் தவிர வேறு தொழில் அறியாத முதிய பெண்கள் பலர் பிழைப்பை இழந்தனர். சதிர் என்ற பெயரில் அவர்கள் காத்து வந்த கலை பரதநாட்டியம் என்னும் பெயரோடு மேடை ஏறியது. நம் பள்ளி ஆண்டு விழாவிலும் நாம் அதை ஆடிக் கைதட்டல் பெறுகிறோம். அதைத் தலைமுறை தலைமுறையாக நமக்குக் காத்துத் தந்தவர்களுள் பலர் அக்கைதட்டலைக் கேட்காமலே மறைந்தார்கள்.

அதன் பின்னர்

பிற அரசுகளும் மெல்ல மெல்ல இவ்வழியே வந்தன. நமது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு மனிதரை வணிகப் பொருளாக்குவதைத் தடை செய்கிறது. 1950-இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது. அதனைத் தொடர்ந்து 1956-இல் நாடு முழுமைக்கும் விபசாரத் தடுப்புச் சட்டம் வந்தது. 1986-இல் அது திருத்தப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. விடுதி நடத்துவோரையும் தரகர்களையும் தண்டிப்பதும், மீட்கப்பட்டவர்க்குக் காப்பகம் அமைப்பதும் இச்சட்டத்தின் நோக்கம். ஆயினும் பொது இடத்தில் ஆடவரை அழைத்த குற்றத்துக்காக அந்தப் பெண்ணே தண்டனை பெறும் பிரிவும் அதில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், இப்பெண்களைக் காவல் துறையினர் மதிப்போடு நடத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. தேவதாசி முறையைத் தடுக்கக் கர்நாடகம் 1982-இலும் ஆந்திரம் 1988-இலும் தனிச் சட்டங்கள் செய்தன. நம் மாகாணத்தில் முடிந்துவிட்டதாக எண்ணிய ஒன்று அண்டை மாநிலங்களில் இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் தொடர்ந்தது என்பதற்கு இவையே சான்று.

புற்றுநோய் மருத்துவமனை

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மறைந்தார். அந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு நீங்கவே இல்லை. அரசின் கதவையும் செல்வர்களின் கதவையும் பல ஆண்டுகள் தட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. இன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். 1956-இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள், எண்பத்தோராம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவர் பெயரால் தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடந்து வருகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது. பொட்டுக்கட்டை எதிர்த்த இருவரும் இப்படி இன்றைய பெண்களின் வாழ்வில் துணை நிற்கிறார்கள்.

நாங்கள் கற்றது

ஒரு கட்டுரைக்காகத் தொடங்கிய தேடல் எங்களுக்கு ஒரு பாடத்தைத் தந்தது. சட்டம் ஒரு கதவை அடைக்கலாம். ஆனால் அடைத்த கதவுக்கு ஈடாக இன்னொரு கதவைத் திறந்து வைக்காவிட்டால் அந்தப் பெண் தெருவில் நிற்பாள். அம்மையார் இதை அறிந்திருந்தார். முதலில் நிலத்தை மீட்டார்; அதன்பின் தடையைக் கேட்டார்; தடை வருமுன்பே தம் வீட்டைத் திறந்து வைத்தார். சட்டசபையில் கை உயர்த்த அவரோடு பலர் இருந்தார்கள். வீட்டைத் திறந்தபோது அவர் தனியாகவே நின்றார்.

எங்களுள் யார் நாளை வழக்கறிஞராவோம், யார் மருத்துவராவோம், யார் சட்டசபைக்குச் செல்வோம் என்று இன்று தெரியாது. அந்த நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வரும் ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது, புதிதாக ஒருத்தி தயங்கித் தயங்கி வகுப்பு வாசலில் வந்து நிற்பாள். அவளுடைய ஊரையும் குலத்தையும் தந்தையின் தொழிலையும் கேட்காமல், பெஞ்சில் சற்றே நகர்ந்து அவளுக்கு இடம் கொடுப்போம். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகட்டும்.